விரலை ஆட்டிய முதோம்போ

இந்தப் பக்கத்தில் பழைய புதுச்சேரி, பழைய ஆபீஸ், பழைய வாத்தியார்கள் என்றே எழுதி வந்திருக்கிறேன். இன்று ஒரு விளையாட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். கிரிக்கெட் இல்லை, பாஸ்கெட்பால். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நாங்கள் அதை 'லெ பாஸ்கெத்' என்போம். எனக்கும் அந்த விளையாட்டுக்கும் உள்ள உறவு பள்ளி மைதானத்தின் ஓரத்தோடு சரி. ஆனாலும் இந்த மனிதரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெயர் திகெம்பே முதோம்போ. அமெரிக்கர்கள் டிகெம்பி முடோம்போ என்பார்கள். எனக்கு வாய் பிரெஞ்சு வாய், முதோம்போ என்றே வருகிறது. ஏழடி இரண்டு அங்குல உயரம். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 18 பருவங்கள் ஆடியவர். 2024 செப்டம்பர் 30 அன்று மூளைப் புற்றுநோயால் காலமானார். வயது 58. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அன்று அவர் முன்பு கொடுத்த பேட்டிகளைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பாறையை உருட்டுவது போன்ற குரல். பேசியதோ பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தோடு கற்ற, சுத்தமான பிரெஞ்சு. அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் பிறந்தது 1966 ஜூன் 25, கின்ஷாசாவில். பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்று ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. லெயோபோல்ட்வில் என்றிருந்த தலைநகரம் கின்ஷாசா என்று பெயர் மாறியதும் அந்த வருஷம்தான். ஞானஸ்நானப் பெயர் ழான்-ழாக். பையனுக்கு ஆறு வயது ஆவதற்குள் அதிபர் மொபுத்து நாட்டுக்கு ஸயீர் என்று பெயர் வைத்து, ஐரோப்பியப் பெயர்களை எல்லோரும் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நம்மூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, 'ரெனோன்சான்' ஆகி பிரெஞ்சுக் குடும்பப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டவர்களின் பேரன் பேத்திகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இங்கே சர்க்கார் காகிதத்தால் பெயர் வந்தது, அங்கே சர்க்கார் காகிதத்தால் போனது.

தகப்பனார் சாமுவேல் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து கல்வித் துறைக்குப் போனவர். தாயார் பியாம்பா மரி. பையன் படித்தது சேசு சபையார் நடத்திய பொபோத்தோ கல்லூரியில். பிரெஞ்சில்தான் பாடம். சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது கால்பந்து, அதிலும் கோல் கீப்பர். பாஸ்கெட்பாலுக்கு வந்தது பதின்வயதின் பின்பகுதியில், வீட்டார் தூண்டியதால். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது!

அவருக்கு ஆசை டாக்டர் ஆக வேண்டும் என்பது. 1987ல் அமெரிக்க அரசின் உதவித்தொகை கிடைத்து, மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதுவும் சேசு சபையாருடையது. போன இடத்தில் பிரச்சினை ஒன்றே ஒன்று: இங்கிலீஷ் தெரியாது. முதல் வருஷம் பல்கலைக்கழக அணியில் ஆடவில்லை. இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் அவரை அணிக்கு இழுத்துக்கொண்டார். மருத்துவப் படிப்பு கைநழுவிப் போனது. 1991ல் பட்டம் வாங்கியபோது அது மொழியியலிலும் ராஜதந்திரத் துறையிலும். அவருக்கு ஒன்பது மொழிகள் தெரியும் என்று எழுதுகிறார்கள். லிங்காலா, சுவாஹிலி, தாய்மொழியான சிலுபா, மேலே பிரெஞ்சு, போர்த்துகீஸ், ஸ்பானிஷ், இங்கிலீஷ்.

என் தலைமுறையில் பிரெஞ்சு மீடியம் படித்தவர்களுக்கு இந்த இடம் புரியும். நாங்கள் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது உத்தியோகம் இங்கிலீஷுக்கு மாறியிருந்தது. பிரெஞ்சில் கணக்குப் போட்டு, தமிழில் பேசி, இங்கிலீஷில் டிராஃப்ட் எழுதி நாற்காலியைத் தக்கவைத்துக்கொண்டோம். என்னோடு படித்தவர்களில் டாக்டர் ஆக நினைத்தவர்கள் இரண்டு மூன்று பேர். கெட்டிக்காரர்கள்தான். மொழி ஒரு வாசலை மூடியதும், எந்த வாசல் திறந்திருந்ததோ அதில் நுழைந்து போய்விட்டார்கள். ஒருவன் பிரெஞ்சு ராணுவத்துக்கே போனான். அதனால் முதோம்போ மருத்துவம் படிக்காமல் போனது எனக்குச் சின்னச் செய்தியாகப் படவில்லை.

அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஸ்கெட்பாலில் பெயர் வாங்குகிறவர் பந்தைக் கூடைக்குள் போடுகிறவர். இவர் தொழிலோ போடவிடாமல் தடுப்பது. வளையம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருக்கிறது. எதிராளி எறிந்த பந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தட்டிவிட வேண்டும். இறங்க ஆரம்பித்த பிறகு கை வைத்தால் தப்பு, புள்ளி எதிராளிக்குப் போய்விடும். உயரம் மட்டும் போதாது, கண நேரக் கணக்கு வேண்டும். கோல் கீப்பராக இருந்த பழக்கம் இங்கே உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்.பி.ஏ.வில் இந்தத் தடுப்புகளைப் பதிவு செய்ய ஆரம்பித்ததே 1973-74ல்தான். அதிலிருந்து பார்த்தால் முதலிடம் நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவானுக்கு, 3,830. இரண்டாவது முதோம்போ, 3,289. முதல் இரண்டு பேரும் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது இவருக்கு நான்கு முறை கிடைத்தது: 1995, 1997, 1998, 2001.

ஒவ்வொரு பந்தையும் தட்டிவிட்டபின் வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டுவார். "இங்கே நடக்காது" என்று அர்த்தம். எதிராளியின் முகத்துக்கு நேரே ஆட்டினால் கேலி செய்வதாகும் என்று கண்டித்தார்கள். சரி என்று கூட்டத்தைப் பார்த்து ஆட்டினார். 1997ல் மைக்கேல் ஜோர்டான் இவருக்கு மேலாக எழும்பிப் பந்தைக் கூடைக்குள் திணித்துவிட்டு, அதே விரலை இவருக்கே திருப்பி ஆட்டினார். பின்னாளில் ஒரு இன்சூரன்ஸ் விளம்பரத்தில்கூட அந்த விரலோடு வந்து எல்லோரையும் சிரிக்க வைத்தார். கவுண்டருக்குப் பின்னால் இருந்து "இணைப்பு ஒன்று குறைகிறது, நாளைக்கு வாங்க" என்று விரலாட்டும் கலையை நம் ஆபீஸ்களிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்கு யாரும் டிக்கெட் வாங்கிக் கை தட்டியதில்லை.

அவர் முதலில் சேர்ந்தது டென்வர் அணி. 1994ல் அந்த அணி எட்டாம் இடத்தில் இருந்து, 63 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் இருந்த சியாட்டிலைச் சந்தித்தது. ஐந்தில் மூன்று வெல்ல வேண்டும். முதல் இரண்டிலும் டென்வர் தோற்றது. அடுத்த மூன்றையும் வென்றது. எட்டாம் இட அணி முதலிட அணியை வெளியேற்றியது அதுவே முதல் தடவை. அந்த ஐந்து ஆட்டங்களில் முதோம்போ தட்டிய பந்துகள் 31. கடைசி விசில் ஊதியதும் பந்தைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் பிடித்தபடி தரையில் மல்லாந்து கிடந்தார். வாய் காது வரை சிரிப்பு. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் போடும் படம் அதுதான்.

பிறகு அட்லாண்டா, பிலடெல்பியா, நியூ ஜெர்சி, நியூயார்க், ஹூஸ்டன். இறுதிப் போட்டித் தொடருக்கு இரண்டு தடவை போனார், 2001லும் 2003லும். இரண்டு தடவையும் தோல்வி. இரண்டாவது தடவை ஜெயித்த சான் அன்டோனியோ அணியில் நம் பிரெஞ்சுக்காரப் பையன் டோனி பார்க்கர் ஆடினார். ஹூஸ்டனில் சீனாவின் யாவ் மிங்குக்கு மாற்றாக உட்கார்ந்திருந்தபோது இவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 2008ல் அணி தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றுகொண்டு போனபோது நடுவிலே யாவ் மிங்குக்குக் காலில் அடி. 41 வயதில் இவர் அந்த இடத்தில் நின்றார், தொடர் வெற்றி நிற்கவில்லை. 2009 ஏப்ரலில் முழங்கால் போனது. அதோடு முடித்துக்கொண்டார்.

நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த காரணத்துக்கு இப்போது வருகிறேன்.

1990களின் பின்பகுதியில் காங்கோவில் உள்நாட்டுப் போர். கின்ஷாசாவில் ஊரடங்கு. அந்த நேரத்தில் தாயார் பியாம்பா மரிக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. வீட்டிலேயே உயிர் போனது. மகன் அப்போது அட்லாண்டாவில் லட்சக்கணக்கான டாலர் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர். பணம் இருந்தது, அம்மா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்குமான வழிதான் இல்லை.

நமக்கு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்து பழகிவிட்டது. 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். விடியுமுன் விழுப்புரம், கடலூர்ப் பக்கமிருந்து வந்து துண்டை விரித்துப் படுத்திருப்பவர்களைப் பார்த்தால் தெரியும், ஓர் ஆஸ்பத்திரி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பது சிலருக்கு உயிர்க் கணக்கு.

முதோம்போ கின்ஷாசாவில் ஓர் ஆஸ்பத்திரி கட்ட முடிவு செய்தார். 2001ல் அடிக்கல் நாட்டினார். அடிக்கல் என்றால் என்ன என்று சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல் நட்ட இடத்தில் புல் முளைத்து, கல்லில் இருக்கும் பெயரை மறைக்கும் வரை கோப்பு மேஜை மேஜையாகப் போய்வருவதை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். இதிலும் பணம் எதிர்பார்த்தபடி சேரவில்லை. கட்டட வேலை மும்முரமானது 2004ல். மொத்தச் செலவு 2 கோடியே 90 லட்சம் டாலர். அதில் 1 கோடியே 50 லட்சம் அவர் கைப்பணம். 2006ல் திறப்பு விழா, 2007ல் நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். நகரத்தின் ஏழை மக்கள் வாழும் மசினா பகுதியில், 300 படுக்கைகள். பெயர், பியாம்பா மரி முதோம்போ ஆஸ்பத்திரி. 2007 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ் காங்கிரஸில் பேசியபோது இவரைப் பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்துப் பாராட்டினார்.

மற்றொரு கணக்கையும் கவனித்தேன். ஆஸ்பத்திரி திறந்தபோது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். நம்மில் பலர் பென்ஷன் வந்த பிறகு செய்யலாம் என்று ஒத்திப்போடுகிற காரியங்களை அவர் சம்பளம் வந்துகொண்டிருந்தபோதே செய்து முடித்துவிட்டார். அதற்கு முன்பே, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு வந்த ஸயீர் நாட்டுப் பெண்கள் பாஸ்கெட்பால் அணிக்குச் சீருடைக்கும் செலவுக்கும் பணம் கொடுத்தவர் இவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது 15 ஆண்டுகள். 2015ல் பாஸ்கெட்பால் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். 2021ல் காங்கோவின் ம்புஜி-மயி நகரப் பக்கம் தகப்பனார் சாமுவேல் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். 2022ல் மூளையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அதற்கடுத்த இரண்டு வருஷத்தில் போய்விட்டார்.

பிரான்சில் இருக்கும் என் பேரன் பாஸ்கெத் பைத்தியம். எல்லா ஆட்டக்காரர்களின் கணக்கும் அவனுக்கு மனப்பாடம். போனில் முதோம்போ பற்றிக் கேட்டேன்.

"ஒரு சாம்பியன் பட்டம்கூட வாங்கலையே தாத்தா" என்றான்.

வாங்கவில்லைதான். அவன் கணக்கில் தப்பில்லை. மசினாவில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது என்பதை மட்டும் அவனுக்குச் சொன்னேன். டாக்டருக்குப் படிக்கப் போனவர் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு யார் பெயர் என்று கேட்டான். அவருடைய அம்மா பெயர் என்றேன்.