அப்பாயியின் எண்ணெய்ப் புட்டி

எங்கள் வீட்டு சாமி மாடத்தில் ஒரு பீங்கான் புட்டி இருக்கிறது. ஒரு சாண் உயரம், குறுகிய கழுத்து, தொப்பை வயிறு. வெள்ளை உடம்பில் நீல நிறத்தில் மூங்கில் இலை, அதற்குப் பக்கத்தில் புரியாத ஒரே ஒரு எழுத்து. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதில் விளக்கெண்ணெய்தான். அந்த எழுத்து என்ன என்று சின்ன வயதில் கேட்டால், "அது சீனாக்காரன் சாமி பேரு கண்ணு" என்பார் அப்பாயி. நானும் பத்தாவது பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறேன். (கணக்கில் 91. சாமி கைவிடவில்லை!)

புட்டி வந்த கதை இது. அப்பாயியின் அப்பா ஓமலூர் பக்கத்திலிருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணிமார் கூட்டிக்கொண்டு போன குடும்பங்கள் ஏராளம். 1942-லிருந்து 1945 வரை மலேயா ஜப்பான்காரன் கையில் இருந்தது. யுத்தம் முடிந்து ஒரு தகரப் பெட்டியோடு அவர் கப்பலேறினார். பெட்டிக்குள் இந்தப் புட்டி. கடையில் வாங்கினாரா, ஏதாவது பட்டாளத்தான் விட்டுப்போனதா, யாருக்கும் தெரியாது.

போன கார்த்திகைக்கு முதல் நாள் புட்டியைக் கழுவும் வேலை என் தலையில் விழுந்தது. வருஷத்துக்கு ஒருமுறைதான் அதற்குக் குளியல். சீயக்காய் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தபோது அந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சும்மா இருக்க முடியுமா? செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கக் கொடுத்தேன். ஒரே நொடியில் பதில் வந்தது.

'மது.'

நான் பரீட்சைக்குக் கும்பிட்ட சாமி!

அப்புறம் இரண்டு ராத்திரி தூங்காமல் படித்தேன் (காஸ்ட் அக்கவுண்டிங்கை இப்படிப் படித்திருந்தால் அரியர் இருந்திருக்காது). அந்த எழுத்தின் இடப்பக்கம் மூன்று கோடுகள், அவை தண்ணீர்த் துளிகள். வலப்பக்கம் இருப்பது ஒரு ஜாடியின் படம். மது என்று எழுதினாலே அதற்குள் ஜாடியும் வந்துவிடுகிறது. புட்டியின் பெயர் தொக்குரி. அரிசியில் வடிக்கும் சாக்கே என்ற மதுவைப் பரிமாறும் பாத்திரம்.

ஜப்பானில் பீங்கான் பிறந்த இடம் கியூஷு தீவில் உள்ள அரிதா. 1592-க்கும் 1598-க்கும் இடையில் கொரியா மேல் படையெடுத்துப் போன ஜப்பானியப் பிரபுக்கள், திரும்பும்போது அங்கிருந்த குயவர்களையும் பிடித்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான யி சாம்-பியோங் 1616 வாக்கில் அரிதாவுக்குப் பக்கத்து இசுமியாமா மலையில் பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. 2016-இல் அதற்கு நானூறாவது ஆண்டு கொண்டாடினார்கள். சரக்கு இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் வெளிநாட்டில் அதற்கு இமாரி என்றே பெயர். டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1650-களிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள்.

வெள்ளைக் கல் என்றதும் எனக்கு நம்ம சுண்ணாம்புக்கரடு ஞாபகம் வந்தது. ஓமலூரிலிருந்து தினமும் சேலத்துக்கு பஸ்ஸில் போகிறவன் நான். அந்த வெள்ளை மேடுகளைப் பார்த்து, இதிலும் பீங்கான் செய்யலாமோ என்று ஒருநாள் முழுக்கக் கனவு கண்டேன். முடியாதாம். நம்முடையது மேக்னசைட். எவ்வளவு சூட்டுக்கும் அசையாது, அதனால் உலைகளுக்கு உள்பக்கம் பதிக்கும் செங்கல்லாகப் போகிறது. பீங்கானுக்கு வேண்டியது சூட்டில் பாதி உருகிக் கண்ணாடி மாதிரி இறுகும் மண். அவர்கள் மண் பாத்திரமாகிறது, நம்ம மண் அடுப்பாகிறது.

வரைவதுதான் பெரிய சங்கதி. சக்கரத்தில் வனைந்து, காயவைத்து, 900 டிகிரி வாக்கில் ஒருமுறை சுடுகிறார்கள். அப்போது அது மை ஒற்றும் தாள் மாதிரி ஈரத்தை உறிஞ்சும். அதன் மேல் கோபால்ட் கலவையைத் தூரிகையால் தீட்ட வேண்டும். தூரிகை ஒரு கணம் தயங்கினாலும் அந்த இடம் கறுத்துவிடும். அழிக்கவும் முடியாது. தீட்டும்போது அழுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். மேலே பளபளப்புப் பூச்சில் முக்கி 1300 டிகிரி வாக்கில் மறுபடி சுட்ட பிறகுதான் நீலம் வெளியே வரும். பட்டறைகளில் கோடு இழுப்பவர் ஒருவர், உள்ளே நிறம் நிரப்புபவர் வேறொருவர்.

எங்கள் புட்டியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மூங்கிலில் ஏழு இலை. மூன்றாவது இலையின் நுனியில் மட்டும் நீலம் திட்டாக நிற்கிறது. யாரோ ஒருவர் அங்கே அரை நொடி தயங்கியிருக்கிறார். அச்சில் ஒட்டியது அல்ல, கையால் வரைந்தது என்பதற்கு எனக்கு அது போதும்.

சரி, பி.காம். மாணவன் அளக்காமல் விடுவேனா? தண்ணீர் ஊற்றி அளந்தேன். 180 மில்லி. ஜப்பானிய அளவில் அதற்கு ஒரு 'கோ' என்று பெயர்.

180 மில்லி என்பதற்கு நம்ம ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். குவாட்டர்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

அந்த 180 மில்லியை அங்கே எப்படிக் குடிக்கிறார்கள் என்று படித்திருந்தேன். தொக்குரியைச் சுடுதண்ணீரில் இறக்கி இதமாகச் சூடாக்குவார்கள். கழுத்து குறுகல் என்பதால் சூடு சீக்கிரம் போகாது. பக்கத்தில் ஒச்சோக்கோ என்ற குட்டிக் கிண்ணம், இரண்டு மூன்று வாய்க்குத்தான் காணும். தன் கிண்ணத்துக்குத் தானே ஊற்றிக்கொள்வது மரியாதை இல்லை. எதிரில் இருப்பவர் பார்த்து ஊற்ற வேண்டும். அதனால் துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

என் அப்பா தறிப்பட்டறையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை சம்பளம். அதே 180 மில்லியை ரோட்டோரம் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் டம்ளரில், தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்து ஊற்றி, பத்து நிமிஷத்தில் முடிப்பார். தனியாக. சாக்கேயில் ஆல்கஹால் 15, 16 சதவீதம். இவர் குடிப்பதில் 42.8. அளவு ஒன்று, சரக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. போன செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் அப்படி ஒரு சனிக்கிழமை ராத்திரி காணாமல் போனது. அப்பாயி சுருக்குப்பையை அவிழ்த்து அபராதத்தோடு சேர்த்துக் கட்டினார்.

ஜப்பானில் குடிகாரர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அழகான பாத்திரம் இருந்தால் அப்பா திருந்திவிடுவார் என்றும் நம்பவில்லை. இந்தியாவில் காங்கிரஸ் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று எங்கள் சேலம் மாவட்டம். ராஜாஜி 1937 அக்டோபர் 1-ஆம் தேதி கொண்டுவந்தார். சட்டத்தால் ஆகாததை ஒரு புட்டியா செய்யும்? ஆனாலும் அந்த மூங்கில் இலையைப் பார்க்கும்போதெல்லாம், அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஊற்ற ஒரு ஆள் இருந்திருந்தால், 'போதும்டா' என்று அந்த ஆள் ஒருநாள் சொல்லியிருப்பானோ என்று தோன்றுகிறது. நாங்கள் சண்டைதான் போட்டிருக்கிறோம், எதிரில் உட்கார்ந்ததில்லை.

அப்பாயியிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்பக் குழம்பினேன். குடி என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்புகிற மனுஷி. கடைசியில் மென்று விழுங்கிச் சொன்னேன். அப்பாயி திரி உருட்டுவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும் கண்ணு. எங்கப்பன் தெனமும் சாராயம் குடிச்சதே அதுலதான். அவரு செத்தப்ப எங்காயி அதைத் தூக்கிக் கெணத்துல போடப் போனா. நாந்தான் புடுங்கிக்கிட்டேன்."

"அப்புறம் சாமி பேருன்னு சொன்னீங்க?"

"உனக்கு வேற என்னத்தச் சொல்றது? புட்டி என்னடா பாவம் பண்ணுச்சு? வெளக்கெண்ணெய ஊத்தி வெச்சேன். அந்த நாத்தம் ஏழு சென்மத்துக்கும் போவாது. இனி எவன் அதுல சாராயத்த ஊத்துவான்?"

மறுநாள் கார்த்திகை தீபம். எங்கள் வீட்டில் அகலுக்கு எண்ணெய் ஊற்றுவது எப்போதும் அப்பாதான். எட்டு மணிக்கு வந்தார். வாசலிலேயே வாடை வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாடத்திலிருந்து புட்டியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு அகலாக நகர்த்திக் கொடுத்தேன். கை நடுங்கியது. கழுத்து குறுகல் என்பதால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. இருபத்தோரு விளக்கு.