அமைதியான கடற்கரை எது?

நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பது முதுமொழி. அவ்வண்ணமே ஓய்வின் அருமையை உழைப்பாளர் வாழும் ஊரில்தான் உணர முடியும். நமது நெய்வேலி அத்தகையதோர் ஊர். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு தோன்றியது. அன்று தொட்டு இவ்வூரின் வேலை இரவு பகல் பாராதது. மண்ணை வாரும் இராட்சதச் சக்கர இயந்திரங்களும், நிலக்கரியைச் சுமந்தோடும் கன்வேயர்களும், சுரங்கத்தின் அடியிலிருந்து பீறிட்டெழத் துடிக்கும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளும் ஓயாமல் இயங்குகின்றன. அவற்றோடு மனிதரும் முறை வைத்து இயங்குகின்றனர். தந்தை இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் வேளையில் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகின்றனர். அவர் கண்ணயரும் பகற்பொழுதில் தாய் அடுப்படியில் பாத்திரம் ஓசைப்படாமல் புழங்குகிறாள். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் ஆற அமரக் காணாத குடும்பங்கள் நமது வட்டங்களில் எத்தனையோ உண்டு.

ஆகவே, பள்ளி விடுமுறையும் தந்தையின் விடுப்பும் எப்படியோ ஒன்றுகூடி மூன்று நாட்கள் வாய்க்குமாயின், அவை பொன்னான நாட்கள். அந்நாட்களில் கடற்கரைக்குச் சென்று வர வேண்டும் என்பதே பலரின் ஆசை. கடலும் நமக்குத் தொலைவில் இல்லை. நேர்கோட்டில் அளந்தால் 40 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமே. "சாமி, கூட்டமில்லாத, அமைதியான கடற்கரை ஏதாவது சொல்லுங்கள்" என்று கோடைதோறும் நம்மிடம் கேட்போர் பலர். குருவானவரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது எனச் சிலர் நகைக்கக்கூடும். நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒரு குடும்பம் ஒன்றாய் இருக்கக் கிடைத்த மூன்று நாட்கள் எவ்வாறு கழிகின்றன என்பது பங்குத்தந்தைக்கும் உரிய கவலையே. ஆதலின், நாம் நேரில் கண்டறிந்தவற்றை இங்கே எழுத விழைகிறோம்.

முதலில், பெயர்பெற்ற இடங்களைப் பற்றி ஒரு சொல். வேளாங்கண்ணிக்கு நம்மவர் ஆண்டுதோறும் செல்கின்றனர், செல்லவும் வேண்டும். ஆனால் அது திருப்பயணம். அன்னையின் திருத்தலத்தில் ஆயிரமாயிரம் பேரோடு சேர்ந்து மன்றாடுவதே அங்குள்ள அருள். அங்கே சென்று தனிமையைத் தேடுவது பொருந்தாது. புதுவையின் கடற்கரைச் சாலை மாலையில் உலாவுவதற்கு இனியது. ஆயினும் அங்கு நீராடும் மணற்கரையை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமடைவர். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் மணலின் இயல்பான போக்கை மறித்தமையால், நகரின் முன்னிருந்த மணற்பரப்பு கரைந்து போயிற்று. கரையைக் காக்கக் கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. அண்மை ஆண்டுகளில் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்துள்ளது.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை நமக்கு மிக அண்மையில் உள்ளது. வடலூர், குறிஞ்சிப்பாடி வழியே பேருந்தில் சென்று, மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஆங்கிலேயர் 1690இல் விலைக்கு வாங்கிய புனித தாவீது கோட்டையின் எச்சங்கள் அருகில் உள்ளன. விசாலமான மணற்பரப்பும் உண்டு. எனினும் ஞாயிறு மாலைகளிலும் காணும் பொங்கலன்றும் மாசி மகத்தன்றும் அங்கே மனிதத் தலைகளே அலைகளாய்த் தோன்றும். ஒரு மாலைப் பொழுதுக்கு அது போதும். அமைதி தேடும் குடும்பம் வாரநாளின் விடியற்காலையில் செல்வது நலம்.

இனி, அதிகம் பேசப்படாத இடங்கள். கடலூருக்குத் தெற்கே, பரங்கிப்பேட்டைக்கு அண்மையில் சாமியார்பேட்டை என்னும் மீனவர் ஊர் உள்ளது. சவுக்குத் தோப்புகளும் நீண்ட மணற்கரையும் கொண்டது. பரங்கிப்பேட்டையோ போர்த்துக்கீசியர் 'போர்த்தோ நோவோ' எனப் பெயரிட்டழைத்த பழந்துறை. 1781இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய களமும் அதுவே. வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்வூரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இயங்குகிறது.

அதற்கும் தெற்கே பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் அலையாத்திக் காடு அது. அலையை ஆற்றும் காடு என்று நம் முன்னோர் எத்துணைப் பொருத்தமாய்ப் பெயரிட்டனர்! சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் உப்பு நீரில் வேரூன்றி நிற்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரை ஈந்த மரம் இன்றும் அங்கே வளர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நாம் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்தில் தழைத்து மண்ணில் புதையுண்ட காடுகளே என்பதைச் சுரங்கத் தொழிலாளியின் மக்கள் அப்படகில் அமர்ந்து கேட்பது, பாடநூலில் படிப்பதைக் காட்டிலும் நெஞ்சில் பதியும்.

சற்றுத் தொலைவு செல்ல இயன்றவர்க்குத் தரங்கம்பாடி உண்டு. 2020இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. காலையில் புறப்பட்டால் சிதம்பரம், சீர்காழி வழியே நண்பகலுக்குள் சேரலாம். டென்மார்க்கு நாட்டினர் 1620இல் அங்கே கோட்டை எழுப்பி, 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். 1706இல் வந்திறங்கிய லுத்தரன் குருவான சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதும் அவ்வூரில்தான். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. பழைய தெருக்களில் காலை வேளையில் முதியோரும் நிதானமாய் நடக்கலாம். பாஸ்கா விழா முடிந்த வாரத்தில் உடன் குருக்கள் இருவரோடு நாம் அங்கே சென்று தங்குவதுண்டு. மூவரும் மணிக்கணக்கில் ஒன்றும் பேசாமல் அலைகளைப் பார்த்திருப்போம். புனித வாரம் முழுவதும் பேசிக் களைத்த நாவுக்கு அது நல்ல மருந்து.

இடங்களைச் சொல்லிவிட்டோம். அங்கே செல்வோரிடம் நாம் வற்புறுத்திக் கூறும் செய்தி ஒன்று உண்டு. கடலில் மாண்ட இளைஞரை அடக்கம் செய்யும் துயரம் நமது குருத்துவ வாழ்வில் இருமுறை நேர்ந்துள்ளது. இருவரும் நீந்தத் தெரிந்தவர்கள். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள். நண்பரோடு கூட்டமில்லாத கடற்கரையை நாடிச் சென்றவர்கள். அவ்விரு தாய்மாரின் அழுகுரல் இன்னும் நம் செவியில் உள்ளது. அதனாலேயே இதனை விரிவாக எழுதுகிறோம்.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்கேனும் ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கிடையே பள்ளம் உள்ள இடத்தில் அது ஒன்றுகூடி, ஓர் ஆறு போலக் கடலை நோக்கி விரைகிறது. பள்ளமான அவ்விடத்தில் அலைகள் உடைவது குறைவு. ஆகவே இருபுறமும் நுரை பொங்கிக் கொண்டிருக்க, நடுவே மட்டும் நீர் சாந்தமாய்த் தோன்றும். கடலை அறியாதவர் "இங்கே அலை இல்லை, குழந்தைகள் குளிக்கலாம்" என்று அவ்விடத்தையே தேர்ந்து இறங்குவர். கடலின் இழுப்பு மிகுந்த இடம் அதுவே! நீர் மணல் கலங்கிய நிறமாய் இருப்பதும், நுரையும் குப்பையும் கடலை நோக்கி மிதந்தோடுவதும் அதன் அடையாளங்கள். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திச் சோர்ந்துவிடலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். இயலாதவர் மிதந்தவாறு கையை உயர்த்தி உதவி கோர வேண்டும். கரையில் இருப்போரும் பதறிப் பாயாமல், கயிறோ மிதக்கும் பொருளோ எறிந்து, மீனவரை உடனே அழைக்க வேண்டும்.

கெடிலம், பெண்ணை, வெள்ளாறு போன்ற ஆறுகள் கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் ஒருபோதும் இறங்க வேண்டாம். அங்கே நீரின் ஆழமும் ஓட்டமும் நாளுக்கு நாள் மாறும். எந்த ஊருக்குச் சென்றாலும், ஆடை களையும் முன்னர் அங்குள்ள மீனவர் ஒருவரிடம், "ஐயா, இங்கே இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், கால் நனைத்து மகிழ்ந்து திரும்புங்கள். ஆளில்லாத கரையில் அமைதி மிகுதி. அபாய வேளையில் ஓடிவரும் கரங்கள் குறைவு. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மீனவரைப் பற்றிச் சொல்ல வந்தோம். நாம் அமைதியான கடற்கரை எனக் கூறுவது பெரும்பாலும் அவர்களின் வாசல். அவர்கள் வலை காயவைக்கும் முற்றமும், படகு ஏற்றும் களமும், கருவாடு உலர்த்தும் இடமும் அதுவே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரையும், கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரையும் வாரிச் சென்றது. பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த ஊர்கள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. நாம் மணலில் பாய் விரிக்கும் இடத்தில், அன்று தன் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இன்று மீன் கூடையோடு நடந்து செல்லக்கூடும். இதனை அறிந்தவர் அங்கே உரத்த இசையை ஒலிக்க விடமாட்டார். பாட்டிலை உடைத்துப் போடமாட்டார். அவர்களைக் கேளாமல் கைப்பேசியில் படம் எடுக்கமாட்டார். தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளுக்கும் அக்கரை தாய்வீடே. விளக்கொளி அவற்றின் குஞ்சுகளை வழிதவறச் செய்யும். ஆதலின் இரவில் அங்கே தீ மூட்டுவதையும் தவிர்ப்போமாக.

மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், உண்ணவும் நேரமின்றி உழைத்துக் களைத்த சீடரை இயேசு பெருமான் படகேறித் தனிமையான இடத்துக்கு அழைத்துச் சென்றதை வாசிக்கிறோம். அவர்கள் சேருமுன்னரே மக்கள் அங்கே கூடியிருந்தனர். ஆண்டவர் அவர்களைக் கண்டு முகம் சுளிக்கவில்லை, மனமிரங்கினார். ஓய்வு நாடிச் செல்லும் இடத்தில் நமக்கு முன்னரே இருப்போரை எவ்வாறு நோக்குவது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ?

எப்போது செல்வது? ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் நம் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை யார் மறப்பர்? தை முதல் பங்குனி வரை உள்ள நாட்களே இதமானவை. கோடையில் செல்வோர் காலை எட்டு மணி வரையும், மாலை நான்கு மணிக்குப் பின்னரும் கடற்கரையில் இருந்து, நடுப்பகலை நிழலில் கழிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளமையால், துறைமுகங்களில் அக்காலத்தில் சந்தடி குறைவு. இடையில் ஞாயிறு வருமாயின், அருகிலுள்ள ஆலயத்தின் திருப்பலி நேரத்தை முன்னரே கேட்டறிந்து கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு நமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் இவ்வாறே ஆலோசித்து முடிவு செய்தனர். தந்தை சுரங்கத்தில் முறைப் பணியாளர். முழங்கால் வலியால் வருந்தும் அவருடைய தாயும், இரு பிள்ளைகளும், மனைவியும் உடன் சென்றனர். வெகுதூரப் பயணம் பாட்டிக்கு ஆகாது என்பதால் சிதம்பரத்தில் எளிய விடுதி ஒன்றில் தங்கினர். இரு நாட்கள் விடியலில் சாமியார்பேட்டைக்குச் சென்று, கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் கண்டு, கால் நனைத்துத் திரும்பினர். ஒரு நாள் பிச்சாவரத்தில் படகேறினர். செலவும் அவர்கள் கைக்கு அடங்கியதாகவே இருந்தது. திரும்பி வந்த பின், "எப்படி அம்மா இருந்தது?" என்று நாம் கேட்டபோது, அப்பெண்மணி கடலைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. "சாமி, மூன்று நாளும் அவர் இரவில் தூங்கினார். விடிந்ததும் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம்" என்றார்.

அன்புக்குரிய பெற்றோரே, அயலார் சென்ற இடம், படத்தில் கண்ட இடம் என்று தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டில் மிகவும் களைத்திருப்பவர் யார், மிகவும் தளர்ந்திருப்பவர் யார், மிகவும் சிறியவர் யார் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அம்மூவருக்கும் இதமாயும் பத்திரமாயும் இருக்கும் கடற்கரையே உங்களுக்கு உரிய கடற்கரை. அத்தகைய இடத்தைத் தேர்ந்து, சென்ற அனைவரும் நலமாய் வீடு திரும்புவீர்களாக.