கைக்குச் சூடு

மருதமுனையில் நின்றுகொண்டு மோட்டார் சைக்கிளின் கைப்பிடிக்குச் சூடு வைத்த கதையைச் சொன்னால் சிரிக்காதவர் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயிலில் நிறுத்திய வண்டியின் கைப்பிடியைச் சாரன் தலைப்பால் பிடித்துத் திருப்புகிறவர்கள் நாங்கள். "அப்ப சீட்டுக்கும் ஒரு அடுப்பப் பூட்டுங்களன் சேர்" என்று கராஜில் ஒருவர் கேட்டார். அவரில் குற்றமில்லை. கடற்கரை மணலில் வளர்ந்தவனுக்குக் குளிர் என்பது மார்கழி மழையில் நனைந்தால் வருவதும் தேநீர் குடித்தால் போவதும்தான்.

ஆனாலும் அப்படியொரு சாமான் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் ஜப்பானிலிருந்து பாவித்த வண்டிகளாக வந்திறங்கிய ஹொண்டா எம்.டி. 90 பலருக்கு நினைவிருக்கும். அது ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்றே செய்த வண்டி. அங்கே கடிதம் சுமந்து ஓய்ந்த பிறகு இங்கே மீன் பெட்டியும் நெல் மூடையும் சுமந்தது. பனி கொட்டும் பகுதிகளில் ஓடியவற்றின் கைப்பிடிக்குள் சூடேற்றும் கம்பிச் சுருள் இருந்தது. எங்கள் தெருவில் ஓடிய ஒன்றின் கைப்பிடி ஓரத்தில் இரண்டு வயர்கள் எங்கும் சேராமல் வெட்டுண்டு நின்றன. அவை எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எனக்கு அந்தத் தேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியராகப் போனேன். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். அந்தக் கணக்கின்படி மருதமுனையில் 28 பாகை என்றால் நுவரெலியாவில் 16. அது பகற் கணக்கு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் சில விடியல்களில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். சுபஹுக்கு ஒழு செய்த கை காயுமுன்னே வண்டியில் ஏறவேண்டும். ஓடும் வேகத்தில் மோதும் காற்று தோலை ஒட்டியிருக்கும் இளஞ்சூட்டையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

குளிர் கூடும்போது உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. முதலில் விரல் நுனி வெளுக்கும், பிறகு நோகும், பிறகு நோவும் போய்விடும். ஆபத்து அந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கண் சொல்வதில்லை, விரல்தான் சொல்லவேண்டும். ஈரம் படிந்த இறக்கத்தில் பஸ் ஒன்று எதிரே வரும்போது விரல் ஊமையாக இருக்கக்கூடாது.

என் வாப்பா நாற்பது வருடம் கைத்தறி அடித்தவர். நான் கையின் நிலைமையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "மகன், பாவுல ஒரு இழை அறுந்தா கண்ணுக்கு முந்திக் கைக்குத்தான் தெரியும். கை மரத்தவன் தறியில குந்தக்கூடாது. நீ அந்தக் கையோட வண்டி ஓடுறாய்" என்றார். உம்மா தடித்த துவாயில் கையுறை தைத்துத் தந்தா. அது சூடாகத்தான் இருந்தது. ஆனால் மழைத்தூறலில் நனைந்ததும் முன்னையிலும் குளிர்ந்தது, கிளச் பிடிக்கவும் இடைஞ்சல்.

கிழக்கிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாய், ஒரு கேத்தல், இரண்டு பை. அதற்கு மேல் ஒன்றும் வாங்கமாட்டார்கள். அடுத்த தவணையில் இடமாற்றம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அறைக்கு ஒரு திரைச்சீலைகூடப் போடாமல் ஐந்து வருடம் கழிந்துவிடும். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வெலிமடை, பண்டாரவளை, எல்ல என்று இறங்கி, வெல்லவாயவில் ஜக்கற்றைக் கழற்றி, மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை வழியாக ஊர் வந்து சேர்ந்தால்தான் மூச்சு வரும். இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை அது.

2022இல் அந்தப் பாதை அடைபட்டது. எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றார்கள். என் வண்டிக்கு அது ஊருக்கு ஒருவழிப் பயணத்துக்கே மட்டுமட்டு. மாதக்கணக்கில் மலையிலேயே தங்கினேன். சனி, ஞாயிறுகளில் லயன் வரிசைகளின் பக்கம் நடந்தபோதுதான் என் மாணவர்களின் வீடுகளையும் தாய்மார்களையும் கண்டேன். 'இங்கே எவ்வளவு காலம்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'இங்கே எப்படி' என்று யோசிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். கொரியாவில் வேலை செய்யும் மச்சானுக்கு அறிவித்தேன். 2023 ஜனவரியில் விடுமுறைக்கு வந்தவர் சூடேற்றும் கைப்பிடி ஒரு சோடி கொண்டுவந்தார்.

நுவரெலியாவில் ஒரு கராஜ் பாஸின் உதவியோடு நானே பூட்டினேன். பழைய றப்பரை பிளேட்டால் கீறிக் கழற்றி, பைப்பை உரஞ்சித் துடைத்து, பசை பூசி ஏற்றினோம். இடப்பக்கக் கைப்பிடி வெறும் இரும்பின் மேல் குந்துகிறது. சூட்டில் பாதியை இரும்பு குடித்துவிடும். வலப்பக்கம் அக்சிலேட்டரின் பிளாஸ்ரிக் குழாயின் மேல் இருப்பதால் சூடு உள்ளே போகாமல் கைக்கே வரும். ஆகவே இடப்பக்க இரும்புக்கு முதலில் மெல்லிய பிளாஸ்ரிக் உறையொன்றைப் போர்த்தினோம். வலப்பக்க வயரைக் கொஞ்சம் தளர்வாக விடவேண்டும். கைப்பிடி திரும்பும்போது வயரும் கூடத் திரும்பும், அது இறுகிச் சிக்கினால் அக்சிலேட்டர் தானாக மூடாது. ஹெண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி இதை நாலைந்து தடவை பார்த்துக்கொண்டோம். மின்சாரத்தைச் சாவி திறந்தால் மட்டும் வரும் வழியில், 5 அம்பியர் பியூஸுடன் ஒரு றிலே மூலம் எடுத்தோம். நேரே பெற்றரியில் கொடுத்தால், நிறுத்திவிட்டு மறந்து போகிறவனுக்குப் பின்னேரம் வண்டி உதைத்தாலும் எழும்பாது.

ஒவ்வொரு கைப்பிடியின் தடையும் 8 ஓம். இரண்டும் சமாந்தரமாக இணைந்தால் 4 ஓம். 12 வோல்ற்றுக்கு 3 அம்பியர், அதாவது 36 உவாற்று. முன்விளக்கு ஒன்றை மேலதிகமாக எரிப்பதற்குச் சமம். சிறிய வண்டியின் மின்பிறப்பாக்கிக்கு அது லேசான சுமையல்ல. மெதுவாக ஏறும் வளைவுகளில் சூட்டைக் குறைத்துக்கொள்வேன்.

தரம் 10 பிள்ளைகளுக்கு ஓமின் விதியைக் கரும்பலகையில் படிப்பித்த பிறகு வண்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இயந்திரத்தை ஓடவிட்டு ஒவ்வொருவராகக் கையை வைக்கச் சொன்னேன். வெறுங்கையோடு மூன்று கிலோமீற்றர் நடந்து வரும் பிள்ளைகள். ஒருவன் கையை எடுக்கவே மறுத்துவிட்டான். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், கொழுந்து எடுக்குற எங்கம்மா கைக்கு இந்த மாதிரி செய்ய முடியுமா?"

வகுப்புக்குத் திரும்பிக் கணக்குப் போட்டோம். வண்டியின் பெற்றரி 12 வோல்ற்று, 5 அம்பியர் மணி. 3 அம்பியர் எடுத்தால் 1 மணித்தியாலமும் 40 நிமிடமும்தான் தாங்கும். கொழுந்து எடுப்பது எட்டு மணித்தியால வேலை. அதற்கு ஐந்து பெற்றரி வேண்டும். கூடையின் பாரத்தோடு அதையும் யார் சுமப்பது? கொழுந்து கிள்ளும் விரலுக்குத் தடித்த உறையும் ஆகாது. "முடியாது" என்பதுதான் விடை. அவள் அந்த விடையையும் அழகாகக் கோடு கீறிக் கொப்பியில் எழுதினாள். என்னுடைய இருபத்தைந்து விரற்கடை சுகம் என் கையில் கனத்தது அன்றைக்குத்தான். ஆனாலும் அடுத்த நாள் விடியலில் நான் சுவிச்சைப் போட்டேன். கை வெதுவெதுப்பாக இருந்ததால் முதற் பாடத்துக்கே வெண்கட்டி நடுங்காமல் எழுத முடிந்தது. அவளுக்கு நான் கொடுக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

2025இல் இடமாற்றம் கிடைத்து ஊருக்கு வந்துவிட்டேன். போன மாதம் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்த ஒரு தம்பி வந்தார். அவருக்கும் மலைநாட்டில் நியமனம். இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்றார். கைப்பிடிகளைக் கழற்றி, றிலேயும் பியூஸும் சேர்த்து, படம் கீறிக் கொடுத்தேன். "குளிர் தொடங்கினாப் பிறகு பூட்டுறன் காக்கா" என்றார்.

"போன கிழமையே பூட்டிடுங்க தம்பி. அறைக்கு ஒரு திரைச்சீலையும் வாங்குங்க" என்றேன்.