இரவெல்லாம் கேட்ட சத்தம்

‘டக்... டக்... கிரீச்...’

நள்ளிரவு 2 மணிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் விழித்துக்கொண்டிருந்தோம். முத்து மட்டும் சுறுசுறுப்பாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முத்து என் வெள்ளெலி. அதன் வேலை, கூண்டுக் கம்பியைக் கடிப்பது.

எங்கள் வீடு ஜொகூர் மாநிலத்தின் மாசாயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறது. இரண்டே படுக்கையறைகள். முத்துவின் கூண்டை எங்கு வைத்தாலும் சத்தம் அப்பாவின் காதுக்கு எட்டிவிடும். அப்பா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். காலை 4.30 மணிக்கே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால்தான் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து நேரத்தோடு வேலைக்குப் போக முடியும். அந்த நேரத்தில் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு வரிசைபோல ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் ஆபத்துதான்.

ஒருநாள் மாலை அப்பா சாப்பிடும்போதே தட்டின்மீது தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

“ஐயா, இந்த வாரத்துக்குள்ள அந்தச் சத்தம் நிக்கணும். இல்லனா முத்துவ வேற யாருக்காவது கொடுத்துடலாம்,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அமைதியாகச் சொன்னதால் வாயடைத்துப் போனேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு நண்பன் வழி சொன்னான். “கம்பியில மிளகாய்ச் சாற்றைத் தடவு. ஒரு தடவை கடிச்சா அப்புறம் கிட்டவே போகாது.” எனக்கும் அது சரியாகப் பட்டது. பாட்டி அம்மியில் அரைத்து வைத்திருந்த மிளகாய் விழுதை எடுத்துக் கம்பிகளில் பூசினேன்.

அன்றிரவு சத்தம் இல்லை. ஆனால், விளக்கைப் போட்டுப் பார்த்தபோது முத்து ஒரு மூலையில் சுருண்டு, முன்கால்களால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதன் வலக்கண் மூடியிருந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து மூக்கின் மேல் முடி உதிர்ந்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன். இத்தனை நாள் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தேன். முத்துவைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

பாட்டி என்னைத் திட்டவில்லை. “மிளகா பட்ட கையால உன் கண்ண ஒரு தடவை தேச்சுப் பாரு, தெரியும்,” என்று மட்டும் சொன்னார்.

விடிந்ததும் அம்மாவும் நானும் முத்துவை விலங்கு மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் ஈரப்பஞ்சால் கண்ணைத் துடைத்து, சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு கூண்டைப் பார்த்தார். ஒரு பள்ளிப்பையின் அளவுகூட இல்லாத கூண்டு. அடியில் ஒரு விரற்கடை உயரத்திற்கு மரத்தூள்.

வெள்ளெலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்றும், அவற்றைத் தேய்க்க அது எதையாவது கொறித்தே ஆகவேண்டும் என்றும் அவர் விளக்கினார். ஆனால், அதே கம்பியை இரவெல்லாம் கடிப்பதற்குப் பல் மட்டும் காரணம் இல்லையாம். இடம் போதாமல், தோண்டுவதற்கு மண்ணோ தூளோ இல்லாமல், செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் தவிக்கும் விலங்கும் அப்படிச் செய்யும். இரும்பைக் கடித்தால் பல் உடையவும்கூடும்.

அன்று பள்ளி நூலகத்தில் வெள்ளெலியைப் பற்றித் தேடிப் படித்தேன். 1930ஆம் ஆண்டு, சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டி, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாய் வெள்ளெலியையும் அதன் குட்டிகளையும் பிடித்தாராம். அவை இருந்த வளை ஏறக்குறைய எட்டடி ஆழம்! பிறகு ஜெருசலத்தில், மர அடிப்பலகை கொண்ட கூண்டில் அந்தக் குட்டிகளை அடைத்தார்கள். ஓரிரவில் ஐந்து குட்டிகள் மரத்தைக் கடித்துத் துளைத்து ஓடிவிட்டன. எஞ்சிய சிலவற்றின் வழிவந்தவைதாம் இன்று பல நாடுகளில் வளர்க்கப்படும் சிரிய வெள்ளெலிகள். முத்துவும் அந்த இனம்தான். எட்டடி தோண்டும் பரம்பரைக்கு நான் கொடுத்திருந்தது ஒரு விரற்கடை மரத்தூள்.

இன்னொரு செய்தியும் கிடைத்தது. 2006இல் வெளிவந்த ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வில், வெள்ளெலிகளின் கூண்டுகளில் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் தூள் நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஆழம் குறைந்த கூண்டில் இருந்தவைதாம் கம்பியை அதிகம் கடித்தனவாம்.

80 சென்டிமீட்டருக்கு எங்கள் வீட்டில் எங்கே போவது? அப்பாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இருப்பது ஒரே ஓய்வுநாள். அன்று முழுக்கத் தூங்குவார் என்று நினைத்தேன். அவரோ, துணிமணி வைத்திருந்த பெரிய நெகிழிப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, மூடியின் நடுப்பகுதியை அறுத்து எடுத்தார். அங்கே கம்பிவலையை வைத்துக் கட்டினார். காற்றோட்டம் வேண்டுமே! ஜொகூர் வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும்.

நானும் தங்கையும் பழைய பயிற்சித் தாள்களில் மை படாத பகுதிகளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினோம். கணிதத் தாள்களில் வெற்றிடம் நிறையவே இருந்தது. அம்மா அதைக் கவனிக்காமல் இருந்தால் சரி. தாளும் மரத்தூளுமாக ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நிரம்பியது. பாட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக் கழுவி, ஓரத்தில் வாசல்போல் உடைத்துக் கொடுத்தார். கடிப்பதற்கு, பூச்சிமருந்து அடிக்காத கொய்யாக் கிளை ஒன்றைக் கழுவிக் காயவைத்துப் போட்டேன். பெட்டி நேரடி வெயில் படாத வரவேற்பறை மூலைக்குப் போனது.

முதல் இரண்டு இரவுகள் முத்து பெட்டியின் சுவரைச் சுரண்டிப் பார்த்தது. எனக்கு உள்ளூரப் பயம். அம்மா கொடுத்த வாரம் முடிய ஒருநாள்தான் இருந்தது. மூன்றாம் இரவு நான் தூங்காமல் காத்திருந்தேன். மணி 2 ஆனது, 3 ஆனது. தாள்கள் சலசலக்கும் மெல்லிய ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

காலையில் விளக்கு வெளிச்சம் பட்டு விழித்தேன். அப்பா சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி, ஒரு கையில் காப்பிக் குவளையோடு பெட்டியின் முன் குனிந்து நின்றார்.

“சத்தமே இல்லையே! உயிரோடதான் இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். தாள் குவியலின் அடியில், பெட்டிச் சுவரை ஒட்டி ஒரு சுரங்கப்பாதை வளைந்து சென்றது. அதன் முடிவில், என் கணிதத் தாளின் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு முத்து தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தை எடுத்தார்.