வாரம் ஒருநாள் கூடும் பள்ளி

அமெரிக்காவின் வடமேற்கே, ஒரிகன் மாநிலத்தில், வில்லமெட் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்துள்ளது போர்ட்லண்டு நகரம். வானம் தெளிந்த நாள்களில் கிழக்கே பனிமுடி தரித்த ஹூட் மலை தோன்றும். ரோஜா மலர்களுக்குப் பெயர் பெற்ற நகர் அது. எனினும் அங்குச் சென்ற என் நெஞ்சில் நிலைத்து நிற்பது, ஒரு பங்கின் எளிய கூடமேயாகும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் சில குடும்பங்கள் வாரம் ஒருநாள் அங்கே கூடுகின்றன. ஒரு தந்தை அறிவியல் நடத்துகிறார். ஒரு தாய் இலத்தீன் சொல்லித் தருகிறார். கைக்குழந்தைகளைப் பேணுவதற்கும் கூடத்தைப் பெருக்குவதற்கும்கூட முறை வைத்துள்ளனர். ஊதியம் எவருக்கும் இல்லை.

கல்வியில் பெற்றோர்க்குள்ள உரிமை இம்மண்ணில் போராடிப் பெற்றதாகும். 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கே செல்லவேண்டும் என்று 1922-இல் ஒரிகன் மக்கள் வாக்களித்துச் சட்டம் செய்தனர். கத்தோலிக்கப் பள்ளிகள் மூடப்படும் நிலை எழுந்தது. இயேசு, மரியா திருப்பெயர்களின் கன்னியர் வழக்குத் தொடுத்தனர். 1925 ஜூன் 1-ஆம் நாள், பிள்ளை அரசின் உடைமையன்று எனக் கூறி உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1929-இல் கல்வி பற்றி எழுதிய சுற்றுமடலில் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டினார். அது காத்தது தனியார் பள்ளிகளையே. வீட்டுக்கல்வியைச் சட்டம் ஏற்றது பல ஆண்டுகள் கழித்தே.

உரிமை இனிது, சுமையோ பெரிது. வேலையை விட்டு மகனுக்குக் கற்பிக்கத் தொடங்கிய ஒரு தாயிடம் பேசினேன். ஒன்பது வயதாகியும் அவனுக்கு வாசிக்க வரவில்லையாம். தம் பிடிவாதத்தால் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துவிட்டோமோ என்று பல இரவுகள் கலங்கியதாகக் கூறினார். இக்கூடத்தில்தான் முதன்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னாராம். முன்பு ஆசிரியையாயிருந்த மற்றொரு தாய் அன்றே அவனைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். அத்தாயின் மகளுக்கு இவர் கணிதம் கற்பிக்கிறார்.

அச்சிறுவன் வாசிக்கக் கேட்டேன். வரிக்கு வரி விரல் வைத்து, திக்கித் திக்கி ஒரு பக்கத்தை முடித்தான். சுற்றியிருந்த பிள்ளைகள் சிரிக்கவில்லை, காத்திருந்தார்கள். அன்னை மட்டும் சாளரத்தின் பக்கம் திரும்பிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று 1965-இல் திருச்சங்கமும் மொழிந்தது. நாம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்புகிறோம், அதில் தவறில்லை. ஆயினும் பாடம் வராமல் அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை தனியே அழுகின்றதா என்று என்றேனும் கேட்டதுண்டா? ஊர் திரும்பியது முதல் அக்கேள்வி என்னை விடவில்லை.