மலிவு மதுவும் மண்ணின் மக்களும்

பிரான்சின் தென்பால், மத்தியதரைக் கடலோரத்தில் விரிந்து கிடப்பது லாங்டொக் பிரதேசம். கரிஞ்ஞான், கிரெனாஷ் முதலாய முந்திரிகை வகைகளைக் கலந்து அங்கு வடிக்கப்படும் சிவப்பு வைன் எளியோரின் உணவு மேசைக்குரியது. விலையே தரமெனக் கொள்ளும் சுவைஞர் அதனை ஏளனஞ் செய்வர். அம்மலிவுக்குக் கொடுக்கப்பட்ட விலையை அவர்கள் அறியார் போலும்!

1907இல் மிகை விளைச்சலாலும், சீனியும் நீருஞ் சேர்த்த போலி மதுவாலும் விலை வீழ்ந்தது; தோட்டக்காரர் கடனில் மூழ்கினர். மார்செலின் அல்பேர் என்னும் கிராமத்தவரின் அழைப்பை ஏற்று, யூன் 9ஆம் நாள் மொன்பெலியே நகரில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். நார்பொன்னிற் படையினர் சுட்டதிற் பொதுமக்கள் சிலர் மாண்டனர். செய்தியறிந்த 17ஆவது படைப்பிரிவினர், அதே மண்ணின் புதல்வர்கள், கலகஞ் செய்து பெசியே நகருட் புகுந்தனர். யூன் 29இல் கலப்படத்துக்கெதிரான சட்டம் பிறந்தது.

எனினும் மிகை விளைச்சலை அச்சட்டம் தீர்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரச உதவிப்பணம் பெற்றுத் தோட்டக்காரர் தாமே தம் கொடிகளைப் பிடுங்கினர்.