மணலில் கலந்த அம்மா

ஏதென்ஸ் ஒலிம்பிக், 2004 ஆகஸ்ட். பெண்கள் பீச் வாலிபால் இறுதிப் போட்டியில் பிரேசில் ஜோடியை 21-17, 21-11 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது அமெரிக்க ஜோடி. அவர்களில் ஒருவரான மிஸ்டி மே, கையோடு கொண்டுவந்திருந்த தன் அம்மாவின் அஸ்தியில் கொஞ்சம் எடுத்து அந்த ஆடுகள மணலில் தூவினார்.

அஸ்தியை நாம் ஆற்றிலோ கடலிலோ கரைப்போம். விளையாடும் இடத்திலா தூவுவார்கள்? மிஸ்டியின் வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. அப்பா புட்ச் மே, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க வாலிபால் அணியில் ஆடியவர். அம்மா பார்பரா டென்னிஸ் வீராங்கனை. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரையில் பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே வளர்ந்தாள் மகள்.

லாங் பீச் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் செட்டர். பந்தை வாகாகத் தூக்கிக்கொடுப்பது செட்டரின் வேலை. ஓங்கி அடிப்பவருக்குத்தான் கைதட்டல் போகும். ஆனால், 1998-ல் அந்த அணி ஆடிய 36 ஆட்டங்களிலும் ஜெயித்துக் கல்லூரிச் சாம்பியன் ஆனபோது, எல்லோரும் பேசியது இந்த செட்டரைப் பற்றித்தான். இறுதிப் போட்டியில் எதிரே நின்ற பென் ஸ்டேட்டும் அதுவரை தோற்காத அணி. ஐந்து செட் வரை இழுத்த ஆட்டம் அது.

பிறகு மணலுக்கு வந்தார். உள்ளரங்கில் 6 பேர் காக்கும் இடத்தைவிடக் கொஞ்சம்தான் சிறியது இங்கே ஆடுகளம். காக்க 2 பேர்தான். காலை வைத்தால் புதையும், எம்பினால் எழும்பாது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஹோலி மெக்பீக்குடன் ஆடி ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. அம்மா உயிரோடு இருந்தபோது மிஸ்டி ஆடிய ஒரே ஒலிம்பிக் அதுதான். 2002-ல் புற்றுநோய் பார்பராவைக் கொண்டுபோய்விட்டது. மகளின் தங்கத்தை அவர் பார்க்கவில்லை.

இதற்கிடையே 2001-ல் கெர்ரி வால்ஷ் ஜோடியாகக் கிடைத்திருந்தார். ஆறடியைத் தாண்டிய கெர்ரி வலையருகே சுவராக நிற்பார். அவரைவிடக் குள்ளமான மிஸ்டி பின்னால் தனியாக ஓடி, விழுந்து, பந்தை எடுப்பார். 2007-08-ல் தொடர்ச்சியாக 112 ஆட்டங்களில் இந்த ஜோடி தோற்கவே இல்லை. 2008 பெய்ஜிங்கில் கொட்டும் மழையில் சீன ஜோடியை வென்று மறுபடி தங்கம். அங்கும் அம்மாவின் அஸ்தி மணலில் கலந்தது.

அடுத்த சில வாரங்களில்தான் அடி விழுந்தது. அதுவும் மைதானத்தில் இல்லை. தொலைக்காட்சி நடன நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது! எகிறிக் குதிப்பதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு, 31 வயதில்.

மீண்டு வந்தார். 2012 லண்டனில் ஆஸ்திரிய ஜோடியிடம் ஒரு செட்டைப் பறிகொடுத்தார்கள். மூன்று ஒலிம்பிக்கில் மிஸ்டியும் கெர்ரியும் சேர்ந்து இழந்தது அந்த ஒரே ஒரு செட்தான். இறுதிப் போட்டியில் சொந்த நாட்டு ஜோடியையே 21-16, 21-16 என்று வென்று மூன்றாவது தங்கம்.

கெர்ரி அடுத்த ஒலிம்பிக்குக்கும் போனார், லண்டன் இறுதியில் எதிரே நின்ற ஏப்ரல் ராஸைச் சேர்த்துக்கொண்டு. மிஸ்டியோ 35 வயதில் ‘போதும்’ என்று நிறுத்திக்கொண்டு லாங் பீச்சுக்கே திரும்பினார். அங்குள்ள சிட்டி காலேஜில் வாலிபால் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.